எடைக்கல் இடம் மாறிய கதை

2009 ஆகஸ்டில் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் மெர்கோசூர் கோப்பைக்கான செஸ் போட்டி நடந்தது. முதலிடம் பெற்றது ஒரு செல்போன். அதில் ஓடிக்கொண்டிருந்தது பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4 என்ற செஸ் புரோகிராம். பத்து ஆட்டங்கள், ஒன்பது வெற்றி, ஒரு டிரா. போட்டி முடிந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். செல்போனின் ஆட்டத் தரம் 2,898 எலோ புள்ளிகள் என்று விடை வந்தது. பல ஆண்டுகள் செஸ் உலகை ஆண்ட கேரி காஸ்பரோவ் தன் உச்சத்தில் எட்டிய ரேட்டிங்கே 2,851தான்.

அப்படியானால் சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு போன் காஸ்பரோவைவிட வலிமையானதா? கணக்கு தெரிந்தவர்கள் இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லமாட்டார்கள். எண் வந்த வழியைப் பார்த்தால் காரணம் புரியும். எதிராளிகளின் சராசரி ரேட்டிங் 2,400ஐ ஒட்டி இருந்தது. உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் அட்டவணைப்படி, 95 சதவீதப் புள்ளிகளை எடுத்தவருக்கு எதிராளிகளின் சராசரியோடு 470 சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். டிரா ஆன அந்த ஓர் ஆட்டத்திலும் போன் வென்றிருந்தால்? நூறு சதவீதத்துக்கு அட்டவணை தருவது 800. அரைப் புள்ளி கூடியிருந்தால் தரம் ஒரே தாவலில் 330 ஏறியிருக்கும். ஒரு சாதாரண சர்வதேச மாஸ்டருக்கும் உலகின் முன்னணி வீரருக்கும் இடையே உள்ள தூரம் அது. ஓர் ஆட்டத்தின் முடிவில் இவ்வளவு ஆடிப்போகும் எண்ணை எடை என்று எப்படி நம்புவது?

செஸ் ஆடும் கம்ப்யூட்டர் மனிதனோடு ஒப்பிட்டால் எவ்வளவு வலிமையானது என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டது. பந்தயங்கள் கட்டினார்கள், பரிசுகள் அறிவித்தார்கள், லட்சக்கணக்கான டாலர் செலவில் போட்டிகள் நடத்தினார்கள். துல்லியமான பதில் கிடைப்பதற்குள் கேள்வியே தலைகீழாகிவிட்டது. இன்று கம்ப்யூட்டரை யாரும் மனிதனை வைத்து அளப்பதில்லை. மனிதனைத்தான் கம்ப்யூட்டரை வைத்து அளக்கிறார்கள். தராசுத் தட்டில் இருந்த பொருள் எடைக்கல்லாகிவிட்டது. பழைய அளவையில் நேர்ந்த பிழைகள் புதிய அளவையிலும் நேர்ந்தால் அடி விழப்போவது இயந்திரத்துக்கு அல்ல.

ஓர் இயற்பியல் பேராசிரியரின் கணக்கு

முதலில் அளவுகோல். ஆர்பட் எலோ ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். மில்வாக்கி நகரில் இயற்பியல் கற்பித்தவர். நல்ல செஸ் வீரரும்கூட. அவர் வகுத்த ரேட்டிங் முறையை அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960லும் ஃபிடே 1970லும் ஏற்றுக்கொண்டன. முறை எளிமையானது. இருவருக்கும் ஒரே ரேட்டிங் என்றால் நீண்ட கால ஓட்டத்தில் ஆளுக்குப் பாதிப் புள்ளிகள். வித்தியாசம் 200 என்றால் மேலே இருப்பவர் நான்கு ஆட்டத்துக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி எடுக்க வேண்டும். 400 என்றால் பதினோரு ஆட்டத்துக்குப் பத்து. எதிர்பார்த்ததைவிட அதிகம் எடுத்தால் ரேட்டிங் ஏறும், குறைந்தால் இறங்கும்.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. எலோ எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. உயரத்தைச் சென்டிமீட்டரில் சொல்வது போலவோ எடையைக் கிலோவில் சொல்வது போலவோ அது இல்லை. இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே பொருள். உலகில் உள்ள எல்லா வீரர்களுக்கும் நாளை காலை 500 புள்ளி கூட்டிக் கொடுத்தாலும் எதுவும் மாறப்போவதில்லை. ஆகவே ஒரு கூட்டத்துக்குள் ஒருவரோடு ஒருவர் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் இந்த அளவு செல்லும். இரண்டு சந்தைகளில் இரண்டு வகை எடைக்கற்கள் புழங்குகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஏதாவது ஒரு பொருளை இரண்டு சந்தையிலும் நிறுத்துப் பார்க்காதவரை, இந்தச் சந்தையின் இருபதும் அந்தச் சந்தையின் இருபதும் ஒன்றுதானா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆரம்ப காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. கம்ப்யூட்டர்கள் மனிதர்களின் சந்தைக்கே வந்து எடை போட்டுக்கொண்டன. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் எழுதிய மேக் ஹேக் என்ற புரோகிராம் 1967ல் மாசசூசெட்ஸ் மாநிலப் போட்டிகளில் மனிதர்களோடு சேர்ந்து ஆடியது. தோற்றது, சில ஆட்டங்களில் வென்றது, சாதாரண கிளப் வீரருக்குரிய ஒரு ரேட்டிங்கைப் பெற்றது. 1983ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் ஜோ காண்டனும் உருவாக்கிய பெல் என்ற இயந்திரம் அதே வழியில் அமெரிக்க மாஸ்டர் பட்டத்தையே வாங்கியது. எல்லாருக்கும் பொருந்தும் விதிகள், எல்லாரும் ஆடும் போட்டிகள், நிறைய ஆட்டங்கள். கம்ப்யூட்டர் செஸ் வரலாற்றிலேயே நேர்மையான அளவீடு நடந்தது அந்தக் காலத்தில்தான்.

அப்போதே இன்னொரு பாடமும் கிடைத்தது. 1968ல் ஸ்காட்லாந்தின் சர்வதேச மாஸ்டர் டேவிட் லெவி, செயற்கை அறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் மெக்கார்த்தியோடு பந்தயம் கட்டினார். பத்து ஆண்டுகளுக்குள் எந்தக் கம்ப்யூட்டரும் செஸ் தொடர் ஒன்றில் தன்னை வெல்லாது என்பது பந்தயம். 1978ல் டொரான்டோவில் அப்போதைய முன்னணிப் புரோகிராமான செஸ் 4.7ஐ எதிர்கொண்டு மூன்றரைக்கு ஒன்றரை என்று ஜெயித்தார். அவர் கையாண்ட தந்திரம் சுவாரஸ்யமானது. மோதலைத் தவிர்த்தார், ஆட்டத்தை மூடி வைத்தார், எந்தத் திட்டமும் இல்லாதவர் போலக் காத்திருந்தார். நாலு நகர்த்தல் தாண்டிப் பார்க்கத் தெரியாத இயந்திரம் தானாகவே தன் நிலையைக் கெடுத்துக்கொண்டது. இயந்திரத்தின் பாணியிலேயே மோதிப் பார்த்த ஓர் ஆட்டத்தில் லெவி தோற்றார். அப்படியானால் அந்தப் புரோகிராமின் உண்மையான வலிமை எது? எதிரே இருப்பவருக்குத் தான் ஆடுவது கம்ப்யூட்டரோடு என்று தெரியுமா, அதன் பலவீனம் தெரியுமா என்பதைப் பொறுத்து விடை மாறியது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1989ல், அதே லெவி டீப் தாட் என்ற இயந்திரத்திடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றார். தந்திரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு.

தனிச் சந்தை

டீப் தாட் 1988லேயே கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனைக் கலிஃபோர்னியாவின் லாங் பீச் போட்டியில் தோற்கடித்திருந்தது. இயந்திரங்கள் இப்படி வளர வளர மனிதர்களின் போட்டிகளில் அவற்றுக்கு வரவேற்பு குறைந்தது. பரிசுப் பணத்துக்காகவும் ரேட்டிங்குக்காகவும் ஆடும் ஒரு வீரர், களைப்பே அறியாத எதிராளியிடம் புள்ளியை இழக்க ஏன் விரும்ப வேண்டும்? 2000ல் நெதர்லாந்தின் தேசியச் சாம்பியன் போட்டியில் ஃப்ரிட்ஸ் புரோகிராமைச் சேர்த்தபோது வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வீரர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டு சந்தைகளையும் இணைத்த பாலம் மெல்ல இடிந்தது.

கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஆடத் தொடங்கின. ஸ்வீடனின் செஸ் கம்ப்யூட்டர் சங்கம் இதில் முன்னோடி. ஆர்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து, புரோகிராம்களை ஒன்றோடொன்று ஆடவிட்டு, ஆயிரக்கணக்கான ஆட்டங்களிலிருந்து ரேட்டிங் பட்டியலைத் தயாரித்தார்கள். ஸ்வீடன் வீரர்களோடு நடந்த ஆட்டங்களைக் கொண்டு அந்தப் பட்டியலை மனித அளவோடு பொருத்தியிருந்தார்கள். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பொருத்திய கயிறு இற்றுப்போனது. பட்டியல் சொன்ன எண்ணுக்கும் கிராண்ட்மாஸ்டர்களோடு ஆடும்போது கிடைத்த முடிவுக்கும் இடைவெளி தெரிந்தது. 2000ல் பட்டியலில் இருந்த எல்லாப் புரோகிராம்களின் எண்ணையும் 100 புள்ளி குறைத்தார்கள். புரோகிராம்கள் எதுவும் ஒரே இரவில் பலவீனமாகிவிடவில்லை. எடைக்கல்லைத்தான் சரிசெய்தார்கள்.

எண் ஏன் வீங்குகிறது என்பதற்கும் விளக்கம் இருந்தது. கென் தாம்சன் எண்பதுகளின் தொடக்கத்தில் பெல் இயந்திரத்தை அதனோடே ஆடவிட்டுப் பார்த்தார். ஒரே புரோகிராம், ஒன்று மட்டும் மற்றதைவிட ஒரு நகர்த்தல் கூடுதலாக முன்னால் பார்க்கும். அந்த ஒரு நகர்த்தல் ஏறக்குறைய 200 எலோ புள்ளிக்குச் சமமாக இருந்தது. ஆனால் இரட்டையர் மோதும்போது சிறிய வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். இருவருக்கும் தெரிந்தவை ஒன்றே, தெரியாதவையும் ஒன்றே. ஒருவர் கூடுதலாகப் பார்ப்பதெல்லாம் மற்றவருக்குத் தெரியாததாகவே இருக்கும். மனிதன் வேறு விதமாகத் தவறு செய்பவன், வேறு விதமாகத் தப்பிப்பவன். இரட்டையரிடம் கிடைத்த 200, மனிதனிடம் போகும்போது சுருங்கிவிடக்கூடும்.

சரி, நேரடியாக மோதவிட்டால் தெரிந்துவிடாதா? 1997 மே மாதம் நியூயார்க்கில் உலகமே பார்க்க அது நடந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ, விநாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் இயந்திரம், காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வீழ்த்தியது. மனிதனின் மூளை தோற்றுவிட்டது என்று தலைப்புச் செய்திகள் முழங்கின. ஆனால் மொத்தம் நடந்தது ஆறு ஆட்டங்கள். டீப் புளூவுக்கு இரண்டு வெற்றி, காஸ்பரோவுக்கு ஒன்று, மூன்று டிரா. இந்த முடிவை எலோ கணக்கில் போட்டால் இயந்திரம் சுமார் 58 புள்ளி மேலே. ஆனால் வெறும் ஆறு ஆட்டத்தில் வரக்கூடிய பிழையின் அளவு இரண்டு பக்கமும் நூறு புள்ளியைத் தாண்டும். காஸ்பரோவ்தான் வலிமையானவர், அந்த வாரம் மட்டும் சறுக்கினார் என்று ஒருவர் வாதிட்டால் எண்களால் அவரை மறுக்க முடியாது. போதாக்குறைக்கு, இரண்டாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்ட நிலையில் டிரா செய்ய வழி இருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது.

போட்டிக்கு முன் டீப் புளூவின் அண்மைக்கால ஆட்டங்களைப் படிக்கக் காஸ்பரோவுக்கு வாய்ப்பு இல்லை. இயந்திரத்தைத் தயாரித்தவர்களிடமோ காஸ்பரோவ் வாழ்நாள் முழுதும் ஆடிய ஆட்டங்கள் இருந்தன. மறுபோட்டி நடக்கவில்லை. இயந்திரத்தைக் கழற்றி அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தார்கள். வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற செஸ் கம்ப்யூட்டருக்கு முறையான ரேட்டிங் என்று ஒன்று கடைசி வரை கிடையாது.

நிபந்தனைகள் எவ்வளவு முக்கியம் என்பதை அடுத்த ஆண்டே விஸ்வநாதன் ஆனந்தின் ஒரு போட்டி காட்டியது. 1998 ஜூலையில் இத்தாலியின் இஸ்கியா தீவில் ஆனந்த் ரெபல் 10 என்ற புரோகிராமோடு எட்டு ஆட்டங்கள் ஆடினார். டீப் புளூ போன்ற ராட்சத இயந்திரமல்ல. கடையில் கிடைக்கும் பர்சனல் கம்ப்யூட்டரில் ஓடியது. மொத்த முடிவு, ரெபலுக்கு ஐந்து, ஆனந்துக்கு மூன்று. ஆனால் அந்த எட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களே அனுமதிக்கும் நான்கு பிளிட்ஸ் ஆட்டங்களில் ரெபல் மூன்றுக்கு ஒன்று என்று முன்னணி. கால் மணி நேர ஆட்டங்கள் இரண்டில் ஒன்றரைக்கு அரை. பல மணி நேரம் யோசிக்க இடம் தரும் இரண்டு ஆட்டங்களில் ஆனந்துக்கு ஒன்றரை, ரெபலுக்கு அரை. கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் வெற்றியாளரும் மாறுகிறார். மனிதன் நேரம் கிடைக்கும்போது செய்வதை இயந்திரம் நேரமில்லாதபோதும் செய்கிறது. எந்தக் கடிகாரத்தை வைத்து அளந்தது என்று சொல்லாமல் வலிமையைச் சொல்வது, எந்தப் படியால் அளந்தது என்று சொல்லாமல் நெல் கணக்கு எழுதுவதற்குச் சமம்.

அதன் பிறகு நடந்த பெரிய போட்டிகளில் பேரம் பேசியதே பாதி வேலை. 2002ல் பஹ்ரைனில் விளாதிமிர் கிராம்னிக் டீப் ஃப்ரிட்ஸோடு நாலுக்கு நாலு சமன் செய்தார். போட்டிக்கு முன்பே புரோகிராமின் பிரதி அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. 2003ல் காஸ்பரோவ் டீப் ஜூனியரோடு மூன்றுக்கு மூன்று. மனிதனும் இயந்திரமும் சமம் என்று தோன்றிய அந்தச் சில ஆண்டுகள் வேகமாகக் கடந்தன. 2005ல் லண்டனில் ஹைட்ரா என்ற இயந்திரம் இங்கிலாந்தின் மைக்கேல் ஆடம்ஸை ஐந்தரைக்கு அரை என்று நசுக்கியது. 2006ல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக் டீப் ஃப்ரிட்ஸிடம் நாலுக்கு இரண்டு என்று தோற்றார். ஓர் ஆட்டத்தில், அடுத்த நகர்த்தலிலேயே தனக்கு விழவிருந்த செக்மேட்டை உலகச் சாம்பியன் கவனிக்கவில்லை. உலகச் சாம்பியனும் இயந்திரமும் சம நிலையில் அமர்ந்து ஆடிய பெரிய போட்டி அதன் பிறகு நடக்கவில்லை.

சமமாக ஆட முடியாதபோது சலுகை கொடுத்து ஆடுவது பழைய வழக்கம். 2007ல் ரிப்கா புரோகிராம் ஒவ்வோர் ஆட்டத்திலும் தன் சிப்பாய் ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டு ஆடியும், கிராண்ட்மாஸ்டர் யான் எல்வெஸ்ட் இரண்டரைக்கு ஐந்தரை என்று தோற்றார். ஒரு குதிரையையே விட்டுக் கொடுத்தால் கதை வேறு. 2020ல் கொமோடோ புரோகிராம் குதிரை இல்லாமல் ஆடியபோது ஆஸ்திரேலிய கிராண்ட்மாஸ்டர் டேவிட் ஸ்மெர்டன் ஐந்துக்கு ஒன்று என்று வென்றார். வலிமையை அளக்க இதுவும் ஒரு வழிதான்; பல வகையில் எலோ எண்ணைவிட நேர்மையான வழி. இரண்டு தரப்பும் உண்மையாகவே மோதுகின்றன. எவ்வளவு விட்டுக் கொடுத்தால் தட்டு சமமாகும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இன்று இணையத்தில் வெளியாகும் கம்ப்யூட்டர் ரேட்டிங் பட்டியல்களில் ஸ்டாக்ஃபிஷ் புரோகிராம் 3,600ஐத் தாண்டி நிற்கிறது. மனிதர்களில் மாக்னஸ் கார்ல்சன் 2014ல் தொட்ட 2,882தான் சிகரம். எழுநூறுக்கும் மேற்பட்ட இந்த வித்தியாசத்தை அப்படியே நம்பினால், நூறு ஆட்டத்தில் கார்ல்சனுக்கு ஒன்று அல்லது இரண்டு புள்ளி கிடைக்கும். ஆனால் அந்த 3,600 முழுக்க முழுக்க இயந்திரங்களின் சந்தை எண். மனிதனைவிட மிகவும் வலிமையானது என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு என்ற கேள்விக்குத்தான் விடை இல்லை. விடை தேடி அந்த நூறு ஆட்டங்களை ஆடப்போகிறவரும் இல்லை.

இயந்திரங்களுக்குள்ளேயேகூட நிபந்தனைச் சண்டை ஓயவில்லை. 2017 டிசம்பரில் கூகுளின் சகோதர நிறுவனமான டீப்மைண்ட், தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்ட ஆல்ஃபாஸீரோ, ஸ்டாக்ஃபிஷை நூறு ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்விகூட இல்லை என்ற கணக்கில் வென்றதாக அறிவித்தது. நகர்த்தலுக்குக் கட்டாயமாக ஒரு நிமிடம் என்று வைத்தது நியாயமா, ஸ்டாக்ஃபிஷுக்குக் கொடுத்த நினைவகம் போதுமா என்று கேள்விகள் எழுந்தன. டீப்மைண்ட் நிபந்தனைகளை மாற்றி ஆயிரம் ஆட்டங்கள் நடத்தி, 2018ல் முடிவை வெளியிட்டது. 155 வெற்றி, 6 தோல்வி, மற்றவை டிரா. வலிமையை அளப்பது என்றால் இதுதான். ஆட்டங்கள் அதிகம், நிபந்தனைகள் வெளிப்படை, ஆட்சேபணைக்குப் பதில்.

அளக்கப்படுபவன் மனிதன்

இயந்திரத்துக்குக் கிடைத்த இந்த நியாயம் மனிதனுக்குக் கிடைக்கிறதா?

கம்ப்யூட்டர் மனிதனை அளக்கும் முறை வேறு. எலோவுக்கு வெற்றி தோல்வி போதும். கம்ப்யூட்டரோ ஒவ்வொரு நகர்த்தலையும் எடுத்துத் தன் சிறந்த நகர்த்தலோடு ஒப்பிடுகிறது. வித்தியாசத்தைச் சிப்பாயின் நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் குறித்து, கூட்டி, சராசரி எடுக்கிறது. சராசரி பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஆட்டம் இயந்திரத்தை நெருங்குகிறது. 2006ல் ஸ்லோவேனியாவின் மதேய் குய்த், இவான் பிராட்கோ என்ற இரு ஆய்வாளர்கள் இந்த முறையில் உலகச் சாம்பியன்கள் அனைவரையும் வரிசைப்படுத்தினார்கள். முதலிடம் கியூபாவின் கபாப்ளாங்காவுக்கு. அவர் தவறே செய்யமாட்டார் என்று அக்காலத்தவர் சொன்னதை எண்கள் உறுதிப்படுத்தியது போல இருந்தது. ஆனால் அளக்கப் பயன்பட்ட கிராஃப்டி என்ற புரோகிராம், அளக்கப்பட்ட சாம்பியன்கள் சிலரைவிடப் பலவீனமானது என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். மாணவன் ஆசிரியரின் விடைத்தாளைத் திருத்தலாமா என்ற கேள்வி அது. ஆய்வாளர்கள் பிறகு வலிமை கூடிய புரோகிராம்களைக் கொண்டும் சோதித்தார்கள்.

சாம்பியன்களை வரிசைப்படுத்துவது பொழுதுபோக்கு. குற்றவாளியைக் கண்டுபிடிப்பது அப்படியல்ல. 2006 டிசம்பரில் தில்லியில் நடந்த ஒரு போட்டியில் ஒரு வீரரின் தொப்பிக்குள் புளூடூத் கருவி தைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. வெளியே இருந்த கூட்டாளி, கம்ப்யூட்டர் சொன்ன நகர்த்தல்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அகில இந்திய செஸ் கூட்டமைப்பு அந்த வீரருக்குப் பத்தாண்டு தடை விதித்தது. கருவி கையோடு பிடிபட்டதால் அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. பிடிபடாதபோது என்ன செய்வது? பஃபலோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரீகன் அதற்குப் புள்ளியியல் முறை ஒன்றை வகுத்தார். ஒரு வீரரின் ரேட்டிங்கைப் பார்த்து, அவர் கம்ப்யூட்டரின் தேர்வோடு எத்தனை முறை ஒத்துப்போவார் என்று எதிர்பார்க்கலாம் எனக் கணக்கிட்டு, உண்மையில் எத்தனை முறை ஒத்துப்போனார் என்பதோடு ஒப்பிடும் முறை.

கணக்கு சரியானது. அதைப் படிக்கும் விதத்தில்தான் ஆபத்து. ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இப்படி நேரும் என்று ஒரு சோதனை சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பத்தாயிரம் நேர்மையான வீரர்களைச் சோதித்தால், எந்தத் தவறும் செய்யாத பத்துப் பேர் மாட்டிக்கொள்வார்கள். வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை அன்று ஆடியது மட்டும்தான் அவர்கள் குற்றம். எளிமையான நிலையில் யாருடைய ஆட்டமும் துல்லியமாகத் தெரியும். குழப்பமான நிலையில் உலகச் சாம்பியனும் தடுமாறுவார். ஓர் ஆட்டத்தின் துல்லியச் சதவீதத்தை வைத்து ஒருவரைச் சந்தேகிப்பது, ஆறு ஆட்டத்தை வைத்து மனித மூளைக்கு இரங்கல் எழுதியதைவிட மோசமானது. அங்கே போனது ஒரு சாம்பியனின் பெருமை. இங்கே போவது ஒருவரின் பெயர்.

2022 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கார்ல்சன், 19 வயது ஹான்ஸ் நீமனிடம் தோற்று, மறுநாள் போட்டியை விட்டே விலகினார். மோசடி நடந்தது என்ற குற்றச்சாட்டு உலகம் முழுதும் பரவியது. நீமன் சிறு வயதில் இணைய ஆட்டங்களில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டார். நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களில் செய்ததே இல்லை என்றார். ரீகனின் ஆய்விலும் அந்த ஆட்டங்களில் மோசடிக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆளுக்கு ஒரு புரோகிராமை வைத்துக்கொண்டு பழைய ஆட்டங்களைத் தோண்டிய அமெச்சூர் துப்பறிவாளர்களுக்கோ தீர்ப்பு உடனே கிடைத்துவிட்டது. 2023 டிசம்பரில் ஃபிடே, தகுந்த காரணமின்றி விலகியதற்காகக் கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் விதித்தது. நீமனிடம் இருந்தது வழக்காடப் பணமும் புகழும். சிற்றூரிலிருந்து ரயிலேறி வந்து, ஓர் ஓபன் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் ஒருவரை வீழ்த்தும் 14 வயதுச் சிறுவனிடம் அவை இருக்காது. போனை வைத்துக்கொண்டு பக்கத்து மேஜைக்காரர் முணுமுணுத்தால் அவன் யாரிடம் போய் முறையிடுவான்?

இந்தக் கேள்வி இந்தியாவுக்கு வெகு அருகில் இருக்கிறது. உலகின் எந்த நாட்டோடும் ஒப்பிடத்தக்க வேகத்தில் இளம் கிராண்ட்மாஸ்டர்கள் இங்கே உருவாகிறார்கள். அவர்களில் டி. குகேஷின் கதை தனிப் பாடம். ரேட்டிங் சுமார் 2,500ஐத் தொடும் வரை செஸ் புரோகிராம்களின் உதவியின்றியே அவரைப் பயிற்றுவித்தார் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா. கம்ப்யூட்டர் யுகத்தில் பிறந்த பிள்ளைக்கு இது விசித்திரமான பள்ளிக்கூடம். விடைப் புத்தகத்தைப் பார்க்காமல் கணக்குப் போடப் பழக்கியது போன்றது.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில் டிங் லிரென் 55வது நகர்த்தலாகத் தன் யானையை நகர்த்தினார். அந்த விநாடியே உலகெங்கும் திரைகளில் கம்ப்யூட்டரின் அளவுகோல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செஸ் தெரியாதவர்களுக்கும் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்தவர்கள் பலகையின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மட்டுமே. தனக்கும் உடனே தெரியவில்லை, வேறு நகர்த்தல் ஆட இருந்ததாகக் குகேஷே பிறகு சொன்னார். சில கணங்கள் கழித்து அவர் கண்டுபிடித்தார். 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார்.

திரையில் சாய்ந்த கோடு ஒரு விநாடியில் சொன்னதைக் குகேஷ் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. செஸ் வலிமை என்று சொல்லப்படுவதெல்லாம் அந்தச் சில கணங்களுக்குள்தான் இருக்கிறது. எடைக்கல் எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், தட்டில் வைக்கப்படுவது என்ன என்பதை நிறுப்பவர் மறக்கக் கூடாது.